சராசரிக் கால்வலி

"அப்போ நடக்கறதுக்கு முன்னாடியே கால் வலிக்கும்னு சொல்றீங்க."

"முன்னாடி, பின்னாடி எல்லாம் எங்க கணக்கு மாதிரியில கிடையாதுங்க. வலி பாதை முழுக்க சமமா பரவியிருக்கு."

"சமமான்னா?"

"தோசைக்கல்லுல மாவு தேய்க்கிற மாதிரி. எந்த இடத்துலயும் ஜாஸ்தி இல்ல, எந்த இடத்துலயும் கம்மி இல்ல."

"மேடம், அவங்க இப்பதான் பஸ்ஸ விட்டு எறங்கி, சாமி கும்பிட்டு, நடக்கவே ஆரம்பிக்கறாங்க. அவங்களுக்கு இன்னா வலி இருக்கும்?"

"சராசரி வலி இருக்கும்."

வேணு தன் மனுவை மேஜைமேல் நகர்த்தி வைத்தான். எதிரே கணினிக்குப் பின்னால் இருந்த தேவிப்ரியாவுக்கு அவனைவிட வயது குறைவு. குரலில் கடுமையும் இல்லை. அதனாலேயே எதிர்த்துப் பேச முடியாமல் இருந்தது.

அவன் கீழ்பென்னாத்தூர்க்காரன். பௌர்ணமிக்குப் பௌர்ணமி அவனும் மனைவி எழிலரசியும் கிரிவலப் பாதையில், குபேர லிங்கத்தைத் தாண்டி, ஒரு புளியமரத்தடியில் கடை போடுவார்கள். கடை என்றால் சில பிளாஸ்டிக் டப்புகள், இரண்டு பெஞ்சுகள், ஒரு விறகடுப்பு, ஒரு மூட்டை கல்லுப்பு. வெந்நீரில் உப்பைப் போட்டு வைத்தால் போதும். பதினான்கு கிலோமீட்டரில் முக்கால்வாசியை நடந்து முடித்தவர்கள் ஆவியைப் பார்த்ததும் தாங்களாகவே உட்கார்ந்துவிடுவார்கள். காலை உள்ளே விட்டதும் கண்ணை மூடிக்கொள்வார்கள். சாமியைக் கூப்பிட்ட அதே குரலில் வேணுவையும் நன்றாக இருக்கச் சொல்வார்கள்.

இந்த வருடம் பாதையோரக் கடைகளுக்கு இடம் ஒதுக்கும் பொறுப்பு மலைசுற்றுப் பொருளாதார மாதிரி மையத்திடம் போனது. யார் கொடுத்தார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. மையம் செங்கம் ரோட்டில், வெளிநாட்டுக்காரர்கள் தியானம் முடித்துவிட்டுக் காபி குடிக்கும் ஒரு கடையின் மாடியில் இருந்தது. ஊரின் வாங்கல் விற்றல், பசி, தாகம், களைப்பு எல்லாவற்றையும் சமன்பாடுகளாக எழுதி, அவற்றுக்கு மாதிரி என்று பெயர் வைத்திருந்தார்கள். அந்த மாதிரியைக் கணினியில் ஓட்டியதும் வேணுவின் வெந்நீர்க்கடை பாதையின் தொடக்கத்தில், அக்னி லிங்கத்துக்குப் பக்கத்தில் போய் விழுந்தது. அவனுடைய புளியமரத்தடி கற்பூரம் விற்கும் இருசப்பனுக்குப் போனது. நடந்து முடிக்கப்போகிறவர்களிடம் இருசப்பன் கற்பூரம் விற்க வேண்டும். நடக்க ஆரம்பிக்கிறவர்களின் கால்களை வேணு வெந்நீரில் வைக்க வேண்டும்.

போன பௌர்ணமியன்று புது இடத்துக்கு ஒரே ஒருவர் வந்தார். ஆவியைப் பார்த்து டீயா என்று கேட்டார். இல்லை என்றதும் போய்விட்டார்.

எழிலரசியின் அண்ணன் ஸ்ரீபெரும்புதூரில் ஒரு குடோனில் இருந்தார். அங்கே பெட்டி தூக்க ஆள் வேண்டுமாம். வரும் பௌர்ணமியும் இப்படியே போனால் டப்புகளை யாருக்காவது கொடுத்துவிட்டு வேணு அங்கே போவதென்று முடிவாகியிருந்தது. மச்சான் அவனைத் தன் அறையிலேயே தங்கவைத்து, தம்பியைப்போலப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். வேணு பயந்தது அதற்குத்தான்.

"டைரக்டர் சார பார்க்கறீங்களா?" என்றாள் தேவிப்ரியா. "அவரு நல்லா விளக்குவாரு."

வெளியே காத்திருந்த இருசப்பனையும் கூட்டிக்கொண்டு வேணு உள்ளே போனான்.

மையத்தின் இயக்குநர் டாக்டர் ராமகிருஷ்ணன் தொலைவில் ஏதோ பெரிய நகரத்திலிருந்து வந்து, இந்த ஊரில் மூன்று வருடமாக அறை எடுத்துத் தங்கியிருந்தார். ஒருமுறைகூட மலையைச் சுற்றியதில்லை. ஆராய்ச்சி செய்கிறவர் ஆராயப்படுகிறவர்களோடு கலந்துவிட்டால் அவருக்கும் கால் வலிக்கும், அது முடிவுகளைப் பாதிக்கும் என்பது அவர் கொள்கை.

அவருக்குப் பின்னால் சுவரில் பெரிய வரைபடம் ஒன்று தொங்கியது. அதில் கிரிவலப் பாதை சுத்தமான வட்டமாக இருந்தது. நடுவில் வெறும் வெள்ளை.

"சார், மலை?" என்றான் வேணு.

"மலை மாறுமா?"

"மாறாதுங்க."

"மாறாதது மாறிலி. வகைக்கெழு எடுத்தா பூஜ்யம். அதான் எடுத்துட்டோம்."

வகைக்கெழு என்ற சொல்லைக் கேட்டதும் வேணுவுக்குப் பரீட்சை ஹால் ஞாபகம் வந்தது. அவன் பி.ஏ. பொருளாதாரம் படித்தவன். கணிதப் பொருளியல் என்ற ஒரே ஒரு பேப்பர் அவனை ஒவ்வொரு முறையும் வாசலிலேயே திருப்பி அனுப்பியது. அன்றிலிருந்து, தனக்குப் புரியாதது எதுவோ அது சரியாகத்தான் இருக்கும் என்று நம்பி வந்தான். ஜன்னலுக்கு வெளியே மலை இருந்தது. கணினித் திரையில் வெளிச்சம் விழுந்து கண் கூசுகிறது என்று ஜன்னலுக்குத் துணி போட்டு மறைத்திருந்தார்கள்.

இருசப்பன் படிக்காதவர். அதனால் அவரே பேச்சை ஆரம்பித்தார். "சார், எனக்கு இவரு எடம் வேணும், இவருக்கு என் எடம் வேணும். நாங்களே மாத்திக்கறோம். நீங்க சரின்னு மட்டும் சொல்லுங்க."

ராமகிருஷ்ணன் பொறுமையாகப் புன்னகைத்தார். "நீங்க மாத்திக்க விரும்பல."

"விரும்பறோம் சார். அதுக்குத்தான் வந்திருக்கோம்."

"இல்லீங்க. இப்ப இருக்கறது சமநிலை. சமநிலைன்னா இடம் மாறணும்னு யாருக்கும் ஆசை இருக்காது. உங்களுக்கு ஆசை இருந்தா அது சமநிலையே இல்லன்னு ஆயிடும். ஆனா அது சமநிலைன்னு நிரூபிச்சாச்சு. அதனால உங்களுக்கு ஆசை இல்ல."

இருசப்பன் வேணுவைப் பார்த்தார். "எனக்கு இருக்கிற மாதிரிதான் தெரியுதுப்பா."

"அது உணர்வு," என்றார் ராமகிருஷ்ணன். "உணர்வ நாங்க மதிக்கிறோம். கணக்குல சேர்க்கறதில்ல."

அப்போது எங்கோ மணி அடித்தது. தினமும் பதினோரு மணிக்கு அடிக்குமாம். மையத்தில் இருந்த எல்லோரும் எழுந்து, கோடுகள் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும் ஒரு படத்தைப் பார்த்து நின்று, பொருளாதாரப் பாடத்தில் எல்லா விதிக்கும் முன்னால் வரும் "மற்றவை மாறாதிருக்க" என்ற வரியை மூன்று முறை சொன்னார்கள். வேணுவும் எழுந்தான். கை தானாகக் கூப்பிக்கொண்டது. இரண்டாம் முறை சொல்லும்போது கரண்ட் போனது. யாரும் அசையவில்லை. கரண்ட் மற்றவையில் சேர்ந்தது.

ஆனாலும் மையம் மனுக்களை அலட்சியம் செய்வதில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை தேவிப்ரியா இரண்டு உதவியாளர்களோடு வேணுவின் புது இடத்துக்கே வந்தாள். கடந்துபோகிறவர்களை நிறுத்தி, "கால் வலிக்குதா?" என்று கேட்டாள்.

"இன்னும் நடக்கவே இல்லையேம்மா," என்றார் ஒருவர்.

"ஏன், வலிக்கிற மாதிரி தெரியுதா?" என்று கேட்டுவிட்டு ஒரு பெண் குனிந்து தன் காலைப் பார்த்துக்கொண்டாள்.

வலிக்கவில்லை என்று சொன்ன ஒவ்வொருவரையும் தேவிப்ரியா விதிவிலக்கு என்று குறித்துக்கொண்டாள். மதியத்துக்குள் ஊரில் பாதி விதிவிலக்காகிவிட்டது.

"நார்மலான ஆளுங்க இன்னிக்கு வரவே இல்ல," என்று அவள் வேணுவிடம் வருத்தப்பட்டாள்.

மாலையில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. காலில் மாவுக்கட்டு போட்ட ஒருவர், மலையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போகலாம் என்று இறங்கினார். வலிக்கிறதா என்று கேட்டதும், வலிக்காமல் என்ன என்றார். தேவிப்ரியாவின் முகம் மலர்ந்தது. அவர்தான் பிரதிநிதி பக்தர் என்று மையம் அறிவித்தது. அவருடைய படம் இயக்குநர் அறையில், மலை இல்லாத வரைபடத்துக்குப் பக்கத்தில் மாட்டப்பட்டது. கட்டைப் பிரிக்கும் தேதியைக் கொஞ்சம் தள்ளிப்போட முடியுமா என்று அவருக்கு ஒரு கடிதமும் போனது.

முடிவைச் சொல்ல வேணுவை மறுபடி கூப்பிட்டார்கள். பிரதிநிதி பக்தருக்கு அந்த இடத்தில் வலித்ததால் இடம் சரியானது என்றார் ராமகிருஷ்ணன்.

வேணு சுவரிலிருந்த வட்டத்தைக் காட்டிக் கேட்டான். "சார், தப்பா நெனச்சுக்காதீங்க. வட்டத்துல எல்லா எடமும் ஒண்ணுதான்னு சொல்றீங்க. ஆனா எல்லாரும் ஒரே பக்கமாத்தான சார் சுத்தறாங்க?"

ராமகிருஷ்ணன் பேனாவைக் கீழே வைத்தார்.

"ஒரே பக்கம்னா?"

"மலை வலது கைப்பக்கம் இருக்கற மாதிரி."

"எல்லாருமா?"

"எல்லாரும்தான் சார்."

"எப்பத்துலேர்ந்து?"

"அது தெரியல சார். நான் பொறந்ததுலேர்ந்து அப்படித்தான்."

ராமகிருஷ்ணன் தேவிப்ரியாவின் பக்கம் திரும்பினார். "நம்ம அனுமானம் என்ன?"

"பாதிப் பேரு இந்தப் பக்கம், பாதிப் பேரு அந்தப் பக்கம் சார். தகவல் இல்லாத எடத்துல சமமா பிரிக்கணும்னு நீங்கதான் சொன்னீங்க."

"தகவல் ஏன் இல்ல?"

"எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம்னு யாரும் கேக்கல சார்."

"நீங்க எந்த ஊரு?"

"இங்கதான் சார். வேங்கிக்கால்."

"நீங்க எந்தப் பக்கமா சுத்துவீங்க?"

தேவிப்ரியா யோசித்தாள். "வீட்லேர்ந்து போனா வலப்பக்கமா சுத்துவேன் சார். ஆபீஸ்ல இருக்கும்போது பாதிப் பாதி."

மாதிரி உடைந்துவிட்டது என்று வேணு நினைத்தான். அதை உடைத்ததற்காக மன்னிப்புக் கேட்கக்கூடத் தயாரானான். ஆனால் ராமகிருஷ்ணன் எழுந்து, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு பேசினார்.

"விஞ்ஞானத்துல நேர்மை முக்கியம் வேணு. மாதிரிக்கும் ஊருக்கும் நடுவுல ஒரு வித்தியாசம் இருக்கு. ஒத்துக்கறேன். இப்ப ரெண்டுல ஒண்ண திருத்தணும். மாதிரியத் திருத்தினா சமன்பாடு தீராது. என் கட்டுரைகள் இருக்கு, அதுக்குக் கெடச்ச விருது இருக்கு, அத வெச்சு மேல கட்டின இன்னும் நாலு மாதிரி இருக்கு. எல்லாம் சரிஞ்சிடும். ஊரத் திருத்தணும்னா ஜனங்க சும்மா திரும்பி நின்னாப் போதும். நீங்களே சொல்லுங்க, எது சுலபம்?"

வேணுவுக்கு அது சரியாகத்தான் தோன்றியது.

மக்கள் ஊக்கத்தொகைக்கு இசைவார்கள் என்பது மாதிரியின் அடிப்படை. ஆகவே, இடப்பக்கமாக நடக்கத் தொடங்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு எவர்சில்வர் டம்ளர் என்று மையம் அறிவித்தது. கூட்டம் அலைமோதியது. டம்ளரை வாங்கினார்கள், கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள், பூக்கடை முனை வரை இடப்பக்கமாக நடந்தார்கள், அங்கே திரும்பி வந்து எல்லோரையும்போல வலப்பக்கமாகப் போனார்கள். சிலர் இரண்டாம் டம்ளருக்கும் வந்தார்கள். ஒரு அம்மாள் இதற்கு மூடி கிடையாதா என்று விசாரித்தாள். மையத்தின் ஆட்கள் தொடக்கத்தில் மட்டுமே எண்ணினார்கள். அனுமானம் நிறைவேறியது.

ஆனால் ராமகிருஷ்ணன் கறாரான மனிதர். இடப்பக்கமாக ஒரு முழுச்சுற்றை ஒருவராவது முடிக்க வேண்டும் என்றார். ஒருவர் இருக்கிறார் என்று காட்டிவிட்டால் போதும், பாதிப்பேராக அவரைப் பெருக்கிக்கொள்ளலாம். பணத்துக்குக்கூட யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. வேணுவைக் கூப்பிட்டு, பௌர்ணமியன்று அவன் நடந்து முடித்தால் இடம் விஷயமாகத் தானே பரிந்துரை செய்வதாகச் சொன்னார்.

"எங்க ஊர்ல பொணத்தத்தாங்க அப்படி எடமா சுத்துவாங்க," என்றாள் எழிலரசி.

"எடம் கெடச்சிடும், எழிலு."

"குடுக்கறேன்னு சொன்னாரா?"

"பரிந்துரை செய்யறேன்னாரு."

"பரிந்துரைன்னா குடுக்கறதா?"

வேணு சட்டையை மாட்டிக்கொண்டான். எழிலரசி டப்புகளைக் கழுவப் போனாள். "மத்தியானமே கெளம்புங்க. பொழுதோட வந்து சேருங்க. யாராவது தெரிஞ்சவங்க பார்த்தா என் பேர சொல்லாதீங்க."

பௌர்ணமி மதியம் வேணு செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, ராஜகோபுரத்தைக் கும்பிட்டு, இடமாகச் சுற்ற ஆரம்பித்தான். மலை இடது கைப்பக்கம் வந்தது. பிறந்ததிலிருந்து பார்த்த மலைதான். ஆனால் யாரோ உறவுக்காரர் வழியில் பார்த்தும் முகம் கொடுக்காமல் போவதைப்போல இருந்தது.

கூட்டம் எதிரே வந்தது. ஈசான்ய லிங்கம் தாண்டியதுமே ஒரு பெரியவர் அவன் தோளைப் பிடித்து நிறுத்தினார்.

"இன்னா தம்பி, இன்னாத்த தொலச்ச?"

"ஒண்ணும் தொலைக்கல ஐயா."

"அப்போ ஏன் திரும்பிப் போற?"

"ஆராய்ச்சி."

"பர்ஸாம்," என்று அவர் பின்னால் வந்தவர்களிடம் சொன்னார். பின்னால் வந்தவர்கள் தரையைப் பார்த்துக்கொண்டே நடந்தார்கள். கொஞ்ச தூரத்தில் அது செயினாகியது. இன்னும் கொஞ்ச தூரத்தில் இரண்டு பெண்கள் ஓரத்துப் புல்லை விலக்கித் தேடிக்கொண்டிருந்தார்கள். வேணுவும் அவர்களோடு குனிந்து கொஞ்சநேரம் தேடினான். சும்மா போவது மரியாதையாக இருக்காது என்று பட்டது.

தன் பழைய புளியமரத்தடிக்கு வந்தான். களைத்தவர்கள் வேர்மேலும் மண்மேலும் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இருசப்பன் கற்பூரத் தட்டோடு நின்றார்.

"யாவாரம் எப்படிண்ணா?"

"கற்பூரத்த கால்ல தேச்சா வலி போவுமான்னு கேக்கறாங்கப்பா. போவும்னு சொல்லிட்டேன்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "நீ ஏன் இப்படி வர? வீட்ல ஏதாவது ஆயிடுச்சா?"

வேணு இல்லை என்று தலையாட்டிவிட்டு நடந்தான். அடி அண்ணாமலைக்குக் கிட்டே எதிர்க்கூட்டத்தில் தேவிப்ரியா வந்தாள். நெற்றி நிறைய விபூதி. கூட அவள் அம்மா.

"மேடம், நீங்களும் எடப்பக்கமா வருவீங்கன்னு நெனச்சேன்..."

"இன்னிக்கு லீவுங்க," என்றாள் தேவிப்ரியா மெதுவாக.

"யாருடி இது, எதிர்ல வர்றது?" என்றாள் அம்மா.

"ஆபீஸ்ல வேல செய்யறவரும்மா."

"பாவம்," என்றாள் அம்மா. பையிலிருந்து ஒரு வாழைப்பழத்தை எடுத்து வேணுவிடம் கொடுத்தாள்.

வருண லிங்கம் வருவதற்குள், யாரோ தெரிந்தவர் சொல்லி, ஒலிபெருக்கி அவன் பெயரைச் சொல்ல ஆரம்பித்துவிட்டது. கீழ்பென்னாத்தூர் வேணு என்பவர் எதையோ தொலைத்துவிட்டுத் தேடிக்கொண்டிருக்கிறார், கண்டெடுத்தவர்கள் உதவி மையத்தில் ஒப்படைக்கவும். மக்கள் ஒப்படைத்திருந்தார்கள். ஒரு போலீஸ்காரர் அவனை உதவி மையப் பந்தலுக்குள் கூட்டிப்போய்க் காட்டினார். மேஜைமேல் ஒரு குடை, ஒற்றைக் கொலுசு, மூக்குக்கண்ணாடி, ஒரு பல்செட், ஏழெட்டு எவர்சில்வர் டம்ளர்கள்.

"இதுல எதுப்பா உன்னுது?"

வேணு எல்லாவற்றையும் நிதானமாகப் பார்த்தான். "எதுவும் இல்லீங்க."

"கவலப்படாத. கெடைக்கும்," என்றார் போலீஸ்காரர். அப்படி நல்லபடியாக அன்று யாரும் அவனிடம் பேசியிருக்கவில்லை.

ரமணாசிரமத்தைத் தாண்டும்போது வெயில் இறங்கிவிட்டது. பாதம் எரிந்தது, கெண்டைக்கால் கல்லாகிவிட்டது. அக்னி லிங்கத்துக்குப் பக்கத்தில் ஆவி தெரிந்தது. எழிலரசி அடுப்பருகே நின்றிருந்தாள். நிரப்பி வைத்த டப்புகளில் ஒரு காலும் இல்லை. பெஞ்சில் ராமகிருஷ்ணனும், கேமராவோடு ஒருவரும், மையத்து ஆட்களும் காத்திருந்தார்கள்.

"வலிக்குதா?" என்றார் ராமகிருஷ்ணன்.

"வலிக்குது சார்."

அவர்கள் கைதட்டினார்கள். எழிலரசி அவனைப் பிடித்து உட்காரவைத்து, காலைத் தூக்கி டப்பில் விட்டாள். இத்தனை வருடத்தில் வேணு தன் வெந்நீரில் தன் காலை வைத்ததில்லை. கண் தானாக மூடிக்கொண்டது. இடம் இதுவாகவே இருந்தால்தான் என்ன என்று ஒரு நிமிடம் தோன்றிவிட்டது. பிறகு ஸ்ரீபெரும்புதூர் ஞாபகம் வந்து கண்ணைத் திறந்தான்.

"சார், அந்தப் பரிந்துரை..."

"கண்டிப்பா," என்றார் ராமகிருஷ்ணன். "எடப்பக்கமா ஒருத்தர் வந்தாரு. கால் வலியோட வந்தாரு. வெந்நீர்ல கால வெச்சாரு. மாதிரி சொன்னது அத்தனையும் நடந்துடுச்சு. உங்க கடைக்கு இதுதான் சரியான எடம்னு நீங்களே நிரூபிச்சிட்டீங்க வேணு. இந்த எடத்தையே உங்களுக்கு நிரந்தரமா குடுக்கச் சொல்லிப் பரிந்துரை செய்யறேன்."

கேமராக்காரர் வேணுவின் காலைக் குறிவைத்தார். பின்னால் போகிற கூட்டம் படத்தில் விழக்கூடாது என்று ராமகிருஷ்ணன் சொன்னார். கூட்டம் போய்க்கொண்டே இருந்தது. இப்போதுதான் நடக்க ஆரம்பித்த கால்கள், மலை வலது கைப்பக்கம். ஆவியைப் பார்த்து ஒரு சிறுமி, "டீயாப்பா?" என்று தன் அப்பாவைக் கேட்டாள். இல்லை என்று சொல்லி அவர் இழுத்துக்கொண்டு போனார்.

இப்படி ஒரு நாள் அமைந்ததற்காக மையத்தார் எழுந்து நின்றார்கள். கண்ணை மூடிக்கொண்டு, "மற்றவை மாறாதிருக்க" என்று ஆரம்பித்தார்கள்.

எழிலரசி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, இயக்குநருக்கு நேர் எதிரே வந்து நின்றாள்.

"சார். நீங்க சொன்ன மாதிரி அவரு சுத்திட்டு வந்துட்டாரு. எங்க மரத்தடிய எங்களுக்கே குடுத்துடுங்க சார்."